ஏறும் போதையும் இறங்கும் நேரமும்: வாசகர் கேள்வி பதில்

போதைப் பொருள்கள் மூளையை என்ன செய்கின்றன, வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு, போதை மீட்புச் சிகிச்சை அளிக்கும் மனநல மருத்துவர்கள் இங்கே பதில் சொல்கிறார்கள். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

என் மகனுக்கு 19 வயசு. இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம். கஞ்சா பிடிக்கிறான் என்று தெரிந்து கேட்டால், “அது வெறும் செடிம்மா. அப்பா பிடிக்கிற சிகரெட்டுக்கு இது எவ்வளவோ தேவலை” என்கிறான். பேச ஆரம்பித்ததைப் பாதியில் விட்டுவிட்டு, “என்ன சொல்லிட்டிருந்தேன்?” என்று என்னையே கேட்கிறான். மூளை கெட்டுப்போய்விட்டதா?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

அந்தப் பாதியில் நின்ற பேச்சிலிருந்தே தொடங்கலாம். கஞ்சாவைப் போல வேலை செய்யும் ஒரு பொருளை நம் மூளை தானாகவே சுரக்கிறது. 1992-இல் ஜெருசலேம் ஹீப்ரூ பல்கலைக்கழகத்தில் ரஃபேல் மெக்கூலம் குழுவினர் அதைக் கண்டுபிடித்தபோது, நம் ‘ஆனந்தம்’ என்ற சொல்லை எடுத்து ‘ஆனந்தமைடு’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு நரம்புச் செல் அடுத்த செல்லுக்குச் சேதி அனுப்பும்போது, வாங்குகிற செல் “போதும், மெதுவா” என்று திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கும். அந்தத் திருப்பிச் சொல்லும் சேதிதான் ஆனந்தமைடு. தேவையான இடத்தில் மட்டும் சுரந்து, வேலை முடிந்ததும் சிதைந்துவிடும்.

ஆனந்தமைடு ஒரு சாவி என்றால், நரம்புச் செல்லில் அது போய் மாட்டும் இடம் பூட்டு. கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. என்ற பொருள் அதே பூட்டுக்குள் நுழைகிற கள்ளச்சாவி. எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் நுழைந்து மணிக்கணக்கில் வெளியே வராமல் இருக்கும். அந்தப் பூட்டுகள் நெருக்கமாக இருக்கும் இடங்களில் ஒன்று ஹிப்போகாம்பஸ். இப்போது நடப்பதைப் பதிந்துவைக்கும் பகுதி. அங்கே “மெதுவா, மெதுவா” என்ற சேதி விடாமல் ஒலித்தால், வாக்கியத்தின் முதல் பாதி பதிவதற்குள் நழுவிவிடும். உங்கள் மகனுக்கு நடப்பது அதுதான். சிறுமூளையிலும் இதே பூட்டுகள் உண்டு. பைக் ஓட்டும்போது பிரேக் பிடிக்கத் தாமதமாவதும், ஐந்து நிமிஷம் அரை மணி நேரம் போலத் தோன்றுவதும் இதனால்தான். புகைத்துவிட்டு “நான் நிதானமாத்தான் இருக்கேன்” என்று வண்டி எடுப்பதை வீட்டில் யாரும் அனுமதிக்கக் கூடாது.

மூச்சை நடத்தும் மூளைத்தண்டில் இந்தப் பூட்டுகள் மிகக் குறைவு. அதனால் கஞ்சாவால் மட்டும் மூச்சு நின்று போவது அரிது. மகன் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. அதை ஒப்புக்கொண்டு பேசுங்கள். அப்போதுதான் அடுத்து நீங்கள் சொல்வதைக் கேட்பான்.

அடுத்து சொல்ல வேண்டியது அவன் வயதைப் பற்றி. திட்டமிடுதல், அவசரத்தை அடக்குதல் ஆகியவற்றைப் பார்க்கும் முன்மூளை ஏறக்குறைய 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. எந்த நரம்பு இணைப்பை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று தீர்மானிக்கிற வேலையில் ஆனந்தமைடு ஏற்பாட்டுக்கும் பங்குண்டு. சுவீடனில் ராணுவப் பயிற்சிக்கு வந்த 45,000-க்கும் அதிகமான இளைஞர்களை 15 ஆண்டுகள் பின்தொடர்ந்து, 1987-இல் ஓர் ஆய்வு வெளியானது. 50 தடவைக்கு மேல் கஞ்சா புகைத்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வந்தது, புகைக்காதவர்களைவிட சுமார் 6 மடங்கு. புகைத்தவர்களில் பெரும்பாலோருக்கு வரவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிவதுதான். ஆனால் உங்கள் வீட்டிலோ கணவர் வீட்டிலோ யாருக்காவது மனச்சிதைவு இருந்திருந்தால், மகனிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள். அவனுக்குக் கஞ்சா மற்றவர்களுக்குப் போல அல்ல. யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள், செல்போன் வழியாக வேவு பார்க்கிறார்கள் என்கிற பேச்சு போதை இறங்கிய மறுநாளும் தொடர்ந்தால் அந்த வாரமே மனநல மருத்துவரிடம் போக வேண்டும்.

மூளை கெட்டுவிடவில்லை. தினமும் புகைப்பவர்களுக்கு இந்தப் பூட்டுகளின் எண்ணிக்கை குறைந்திருக்கும். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளிலேயே ஏறத் தொடங்கி, சுமார் 4 வாரத்தில் பழைய நிலைக்கு வருகிறது. ஆனால் முதல் வாரம் வீட்டுக்குச் சோதனையான வாரம். எரிச்சல், தூக்கமின்மை, சாப்பாடு இறங்காமை, பயங்கரக் கனவுகள் எல்லாம் 2-ஆம் நாளிலிருந்து 6-ஆம் நாள் வரை உச்சத்தில் இருக்கும். “கஞ்சாவை விட்ட பிறகுதான் பையன் மோசமாயிட்டான்” என்று பெற்றோர் பயப்படுவது இந்த நாட்களில்தான். அந்த வாரத்தில் பரீட்சை, கல்யாணப் பயணம், உறவினர் முன் பஞ்சாயத்து எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சாக்லேட், லட்டு வடிவில் சாப்பிடுவதாகக் கேள்விப்பட்டால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். புகைத்தால் சில நிமிஷத்தில் ஏறும். சாப்பிட்டால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். “ஒண்ணும் ஏறலையே” என்று இன்னொன்றைச் சாப்பிட்டுவிட்டு, இரண்டும் சேர்ந்து ஏறி, நெஞ்சு படபடக்க, சாகப்போகிறோம் என்ற பயத்தோடு அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள். கல்லீரல் டி.எச்.சி.யை இன்னும் வலுவான ஒரு பொருளாக மாற்றி அனுப்புவதும் ஒரு காரணம்.

ஆன்லைனில் சிறுநீர் பரிசோதனை அட்டை கிடைக்கிறதே, வாங்கி மகனைச் சோதிக்கலாமா?
– வாசகர், கோவை

அட்டை சொல்வதைப் படிக்கத் தெரிந்தால்தான் பயன். ஒரே ஒரு தடவை புகைத்த கஞ்சா சுமார் 3 நாள் தெரியும். டி.எச்.சி. கொழுப்பில் தங்கும் என்பதால், தினமும் புகைத்தவர் நிறுத்தி ஒரு மாதம் ஆன பிறகும் அட்டை ‘இருக்கிறது’ என்றே காட்டலாம். அவன் உண்மையாகவே விட்டிருப்பான். நீங்கள் பொய் சொல்கிறான் என்பீர்கள். மெத் என்கிற மெத்தாம்ஃபெட்டமைன் போதைப்பொருள் 2 முதல் 4 நாள் மட்டுமே தெரியும். கசகசா அரைத்துவிட்ட குருமா சாப்பிட்டவருக்கும், கோடீன் கலந்த இருமல் மருந்து குடித்தவருக்கும் ‘மார்ஃபின் இருக்கிறது’ என்று காட்டலாம். எல்லாவற்றையும்விட முக்கியம்: இன்று தெருவில் அதிகம் புழங்கும் டேபென்டடால் என்ற வலி மாத்திரையை வழக்கமான மார்ஃபின் அட்டை காட்டவே காட்டாது. அட்டை சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியடைந்த குடும்பங்கள் உண்டு.

சிகிச்சையில் இருப்பவர், தானே சம்மதித்து, மருத்துவர் முன்னிலையில் செய்தால் நல்ல கருவி. பாத்ரூம் வாசலில் அப்பா காவல் நிற்பதற்கு அது உதவாது.

என் தம்பிக்கு 23 வயசு. வலி மாத்திரையை ஊசியில் ஏற்றிக்கொள்கிறான் என்று அவன் கூட்டாளி சொன்னான். கையில் தழும்பு பார்த்தேன். மெடிக்கல் ஷாப் மாத்திரைதானே, எவ்வளவு ஆபத்து? மயங்கி விழுந்தால் என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், வடசென்னை

மிகவும் ஆபத்து. அதற்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள் உண்டு.

முதலாவது, மருந்து. தம்பி ஏற்றிக்கொள்வது டேபென்டடாலாக இருந்தால், அது மூளையில் அபின், ஹெராயின் உட்காரும் அதே இடத்தில் உட்காருகிறது. வலியை அடக்குவது, சுகம் தருவது, மூச்சு விடும் வேகத்தைத் தீர்மானிப்பது மூன்றும் அந்த ஒரே வகைப் பூட்டில் நடக்கின்றன. ரத்தத்தில் கரியமில வாயு கூடினால் “மூச்சு விடு” என்று விரட்டுவது மூளைத்தண்டு. மருந்து அதிகமானால் அந்த விரட்டல் அடங்கிவிடும். மூச்சு முட்டுகிற உணர்வே இல்லாமல், தூங்குவது போலவே மூச்சு குறைந்து நிற்கும். கூடவே மதுவோ, நைட்ரஜெபம், அல்ப்ரசோலம் போன்ற தூக்க மாத்திரையோ சேர்ந்தால் ஒன்றை ஒன்று கூட்டிவிடும். டேபென்டடாலில் வலிப்பும் வரலாம்.

இரண்டாவது, மாத்திரை. ஒரு மாத்திரையில் மருந்தைவிட மற்ற பொடிகளே அதிகம்: மாவுச்சத்து, டால்க், மரக்கூழிலிருந்து எடுக்கும் செல்லுலோஸ். வயிற்றுக்குள் போனால் இவற்றால் கெடுதல் இல்லை. ஆனால் இவை தண்ணீரில் கரையாதவை. பார்வைக்குத் தெளிந்தது போல இருந்தாலும் துகள்கள் உள்ளே இருக்கும். ரத்தக் குழாய்க்குள் போன துகள் இதயத்தின் வலது பக்கம் வழியாக நுரையீரலுக்குப் போய், முடியைவிட மெல்லிய குழாய்களில் சிக்கிக்கொள்ளும். உடம்பு அதைச் சுற்றி முடிச்சுக் கட்டும். சில மாதங்களில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும்; இருபது வயதுப் பையனுக்கு ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். போகிற வழியில் இதய வால்வில் கிருமி ஒட்டிக்கொண்டால் விட்டுவிட்டுக் குளிர் காய்ச்சல் வரும். சிரைக்குப் பதிலாகத் தமனியில் ஏறிவிட்டால் விரல்கள் நீலமாகி அழுகுவதும் உண்டு. ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை சி வகை. தம்பியை அழைத்துப் போகும்போது இந்த இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை கேளுங்கள், நெஞ்சில் ஸ்டெத் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மயங்கிக் கிடந்தால், முதலில் தோளைத் தட்டிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். எழவில்லை, குறட்டை போலவோ ‘களகள’ என்றோ மூச்சு வருகிறது, உதடு நீலம், கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது என்றால் 108-ஐ அழைத்து, “மூச்சு குறைஞ்சிருக்கு, மாத்திரை போட்டிருக்கான்” என்று உள்ளதைச் சொல்லுங்கள். நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். 12-க்கு மேல் இருக்க வேண்டும். ஆறு நொடிக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்தால் தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஐந்து ஆறு நொடிக்கு ஒரு தடவை வாயில் மூச்சு ஊதுங்கள். மூச்சு ஒழுங்காக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குத்தான் போகும். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து கொடுப்பதை விட்டுவிட்டு, தலைக்கு அடியில் துணியை மடித்து வையுங்கள்.

மருத்துவமனையில் மாத்திரையின் வேலையை முறிக்கும் நலாக்சோன் ஊசி போட்டதும் இரண்டு மூன்று நிமிஷத்தில் எழுந்து உட்காரலாம். “நல்லா ஆயிட்டான்” என்று உடனே வீட்டுக்குக் கூட்டிப்போய்விடாதீர்கள். நலாக்சோனின் வேலை 30 முதல் 90 நிமிஷத்தில் முடிந்துவிடும். மாத்திரையின் வேலை அதற்குப் பிறகும் இருக்கும். மறுபடி மூச்சு அடங்குவது வீட்டிலோ ஆட்டோவிலோ நடந்துவிடும்.

என் கணவர் தினமும் குடிப்பவர். கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டார். அன்றோடு குடியை நிறுத்தினார். மூன்றாம் நாள் ராத்திரி சுவரில் எறும்பு ஊருது என்றார், இல்லாத ஆளோடு பேசினார், உடம்பெல்லாம் நடுக்கம். சாமி வந்திருக்கிறது என்றார்கள், சிலர் காத்து கருப்பு என்றார்கள். கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பிழைத்தார். இந்த வருஷமும் மாலை போடுவேன் என்கிறார். போடலாமா?
– வாசகி, விழுப்புரம் மாவட்டம்

போடலாம். ஆனால் குடியை நிறுத்துவது மாலை போடும் அன்று தொடங்கக் கூடாது. அதற்குப் பத்து நாள் முன்பே, மருத்துவமனையில் தொடங்க வேண்டும்.

அவருக்கு வந்தது சாமியும் இல்லை, காற்றும் இல்லை. மூளையில் அடக்குகிற சேதி ஒன்று, முடுக்குகிற சேதி ஒன்று. மது முதலாவதைக் கூட்டி இரண்டாவதைக் குறைக்கும். தினமும் குடித்தால், மூளை விழுந்துவிடாமல் இருக்க எதிர்ப்பக்கம் சாய்ந்து நின்றுகொள்ளும்: அடக்கும் பக்கத்தைத் தளர்த்தி, முடுக்கும் பக்கத்தை ஏற்றிவைக்கும். கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கத்தார் திடீரென்று கயிற்றை விட்டால் எதிர்ப்பக்கத்தார் என்ன ஆவார்கள்? மதுவைத் திடீரென்று நிறுத்தினால் அதேதான்.

இதற்கு மணிக்கணக்கு உண்டு. கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 12 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, குமட்டல். 6 முதல் 48 மணிக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணிக்குள், அதாவது மூன்றாம் நான்காம் நாள், புத்தி தடுமாறி இல்லாதது தெரியும், காய்ச்சல் அடிக்கும், நாடி ஓடும். சிகிச்சை இல்லாவிட்டால் இதில் உயிர் போகும். உங்கள் கணவர் கணக்குப் பிசகாமல் மூன்றாம் நாள் இரவில் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார். ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வர வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு முறையும் முன்னைவிடக் கடுமையாக வரலாம்.

மருத்துவமனையில் டயஸெபம், குளோர்டயஸெபாக்சைடு வகை மாத்திரையால் அந்த அடக்கும் பக்கத்தைத் தாங்கிப் பிடித்து, ஐந்து முதல் ஏழு நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். கல்லீரல் மோசமாக இருந்தால் லோரஸெபம். இவற்றை நீங்களே கடையில் வாங்கிக் கொடுக்கக் கூடாது. மேலே குடித்துவிட்டால் மூச்சு அடங்கும். இன்னொன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். நாள்பட்டுக் குடிப்பவர்களுக்கு தயமின் என்ற பி1 சத்து வற்றியிருக்கும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் டிரிப் ஏற்றினால் மிச்சமிருக்கும் தயமினும் செலவாகி, கண் ஆட்டம், தள்ளாட்டம், நிரந்தர மறதி வரை கொண்டுபோகலாம். ஊரில் சின்ன கிளினிக்கில் “சோர்வா இருக்காரு, ஒரு குளுக்கோஸ் போடுங்க” என்று கேட்பதற்கு முன், “தினமும் குடிப்பவர், முதலில் பி1 ஊசி போடுங்க டாக்டர்” என்று சொல்லுங்கள்.

விரத காலத்தை நாங்கள் மிகவும் மதிக்கிறோம். வெறும் மருந்தால் கிடைக்காத ஒன்று அதில் இருக்கிறது: புதுப் பெயர், புதுக் கூட்டம், விடியற்காலைக் குளியல், மாலையில் பஜனை. குடிக்கிற நேரமும் குடிக்கிற இடமும் ஒரேயடியாக மாறிவிடுகின்றன. வீணாகிப் போவது மாலை கழற்றும் நாள். குருசாமி மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே டாஸ்மாக் வாசலில் நிற்பவர்கள் எத்தனை பேர்! மலையிலிருந்து இறங்கும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். ஆசையைக் குறைக்கும் மாத்திரைகள் உண்டு. ஏற்கெனவே நிறுத்தியிருப்பவருக்கு அவை நன்றாக வேலை செய்யும்.

“சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடி நின்றுவிடும்” என்று ஒரு பொடி விற்கிறார்கள். கொடுக்கலாமா?
– பெயர் ஊர் வேண்டாம்

கூடாது. அந்த மாதிரிப் பொடிகளில் என்ன இருக்கிறது என்று பாக்கெட் சொல்வதில்லை. மருத்துவர்கள் எழுதும் டைசல்ஃபிராம் மாத்திரையைப் பொடித்துக் கலப்பவர்களும் உண்டு. மது உடம்பில் உடையும்போது அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உண்டாகும். அதைக் கழிக்கும் நொதியை இந்த மாத்திரை கட்டிப்போடும். பிறகு குடித்தால் முகம் சிவந்து, தலை இடித்து, வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, ரத்த அழுத்தச் சரிவு. இதய நோய் இருப்பவர் செத்தும் போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரை இந்த நிலை இருக்கும். தெரிந்தே சாப்பிடுபவர் “குடித்தால் ஆபத்து” என்ற எண்ணத்தால் குடிக்காமல் இருப்பார். மருந்தின் பலனே அதுதான். தெரியாமல் சாப்பிட்டவர் வழக்கம் போல ஒரு குவார்ட்டர் அடித்துவிட்டுச் சாய்வார், மருத்துவருக்கும் காரணம் புரியாது.

ஏழாம் எட்டாம் வகுப்புப் பையன்கள் சிலர் பஞ்சர் சொல்யூஷனைத் துணியில் விட்டு மோந்து பார்க்கிறார்கள். சிலர் உதட்டுக்குள் கூல் லிப் வைத்துக்கொள்கிறார்கள். கையும் களவுமாகப் பிடிக்க நாங்கள் ஆசிரியர்கள் சுற்றிவளைக்கலாமா?
– ஆசிரியர், சேலம் மாவட்டம்

சொல்யூஷன் மோந்துகொண்டிருக்கும் பையனைத் துரத்தாதீர்கள். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அதிலுள்ள டொலுவீன் போன்ற கரைப்பான்கள் பயத்தில் சுரக்கும் அட்ரினலினுக்கு இதயத் தசை மிகையாகத் துடிக்கும்படி செய்துவிடும். அந்த நேரத்தில் திடீரென்று அதட்டினாலோ, அவன் பயந்து சுவரேறிக் குதித்து ஓடினாலோ, அட்ரினலின் பாய்ந்து இதயத் துடிப்பு தாறுமாறாகி அங்கேயே நின்றுபோகலாம். முதல் தடவை மோந்தவனுக்கும் இது நடக்கும். மெதுவாகப் பேசி, துணியை வாங்கி, காற்றோட்டமான இடத்தில் உட்கார வைத்து, 20 நிமிஷமாவது யாராவது கூடவே இருங்கள். விசாரணை மறுநாள்.

நாள்பட மோந்தால், நரம்பிழைகளின் மேல் உள்ள கொழுப்பு உறையை இந்தக் கரைப்பான் அரிக்கிறது. மின்கம்பியின் பிளாஸ்டிக் உறை போனது போல, சேதி மெதுவாகும். எழுத்து கோணலாவது, நடை தள்ளாடுவது, பாடம் ஏறாதது எல்லாம் அதன் அடையாளம். டொலுவீனால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி, கால் சோர்ந்து எழ முடியாமல் போகும் பையன்களும் உண்டு. வாயைச் சுற்றிச் சொறி, சட்டைக் கையில் பசைக் கறை, பெட்ரோல் மாதிரி வாடை இருக்கிறதா என்று கவனியுங்கள்.

கூல் லிப் வேறு கதை. அது புகையிலை. குட்கா விற்பனைக்குத் தமிழ்நாட்டில் 2013-இலிருந்து தடை இருந்தும், புகையிலைப் பொட்டலங்கள் பள்ளி வாசல் வரை வருகின்றன. பன்னிரண்டு வயதில் நிகோட்டின் பழகும் மூளை, அதை வைத்துத்தான் கவனத்தைத் திரட்டவே கற்றுக்கொள்ளும். மூன்றாம் பீரியடில் எரிச்சல், இடைவேளை முடிந்ததும் சமத்து என்று ஒரு பையன் இருந்தால் அது குணக்கேடு இல்லை, நிகோட்டின் இறங்கி ஏறுவது.

அண்ணன் மூன்று நாளாகத் தூங்கவில்லை. மெத் எடுத்திருக்கிறான் என்கிறார்கள். வீட்டுக்கு வெளியே போலீஸ் நிற்குது என்று ஜன்னலை எல்லாம் மூடுகிறான். தோலுக்கடியில் பூச்சி ஊருது என்று கையைக் கீறிக்கொள்கிறான்.
– வாசகி, சென்னை

இன்றைக்கே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். அதுவரை அவரோடு வாதாடாதீர்கள். “போலீஸ் இல்லை” என்று நிரூபிக்கப் போனால் நீங்களும் போலீஸ் ஆள் ஆகிவிடுவீர்கள். “பயமா இருக்கும்ணே, நான் பக்கத்துல இருக்கேன்” என்பது போதும். டிவியை அணைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, அவர் வெளியே போகும் வாசலை மறைக்காமல் உட்காருங்கள். கத்தி, அரிவாள்மனையை எடுத்து வையுங்கள். நெஞ்சு வலி, வலிப்பு, தொட்டால் கொதிக்கிற உடம்பு இருந்தால் நொடியும் தாமதிக்கக் கூடாது. ஈரத் துணியால் துடைத்து, ஃபேன் போட்டு, 108-ஐ அழையுங்கள்.

டோபமைன் என்பது “இது முக்கியம், இதை மறுபடி செய்” என்று மூளை போட்டுக்கொள்ளும் குறி. வேலை முடிந்ததும் அதை உள்ளே இழுத்துக்கொள்ள நரம்பு முனையில் ஒரு பம்பு இருக்கிறது. மெத் அந்தப் பம்பைத் தலைகீழாக ஓட வைக்கும். உள்ளே இருக்கும் சரக்கு எல்லாம் வெளியே கொட்டும், 8 முதல் 12 மணி நேரத்துக்கு. எல்லாவற்றின் மேலும் “முக்கியம்” என்ற குறி விழுந்தால், தெருவில் போகிறவன் திரும்பிப் பார்ப்பதும் முக்கியம், தோலில் காற்று படுவதும் முக்கியம். சந்தேகம் பிறப்பது அங்கேதான்.

கொட்டித் தீர்ந்த பிறகு ஒன்றிரண்டு நாள் செத்தாற்போலத் தூக்கம், பேய்ப் பசி, அதன்பின் எதிலும் ருசியில்லாத மனச்சோர்வு. தற்கொலை எண்ணம் வருவது அந்த நாட்களில், தனியே விடாதீர்கள். அந்தப் பம்புகள் ஓராண்டுக்கு மேல் விலகியிருந்தவர்களிடம் பெருமளவு மீண்டிருப்பதை மூளை ஸ்கேன்கள் காட்டியிருக்கின்றன. நினைவாற்றல் அதே வேகத்தில் திரும்பவில்லை. ஆறாம் மாதத்தில் “இன்னும் பழைய அண்ணன் வரலையே” என்று கைவிட்டுவிடாதீர்கள்.

எல்.எஸ்.டி. ஸ்டாம்ப் அடிமையாக்காது என்கிறார்களே?
– கல்லூரி மாணவர், வேலூர்

எல்.எஸ்.டி. என்பது இல்லாததைத் தோன்றவைக்கும் போதைப்பொருள்; சிறு காகிதத் துண்டில் ஊறவைத்து ஸ்டாம்ப் என்று விற்கிறார்கள். அதற்கு உடம்பு அடிமையாவது இல்லை என்பது சரி. ஆனால் 8 முதல் 12 மணி நேரம் நடுவில் நிறுத்த வழியில்லை. செரட்டோனின் என்ற இன்னொரு மூளைச் சேதிப்பொருளின் பூட்டில் அது நன்றாக மாட்டிக்கொண்டு உட்காரும். ஸ்டாம்ப் என்று விற்பதில் இருப்பது எல்.எஸ்.டி.தானா என்பதும் பார்வைக்குத் தெரியாது. என்-பாம் என்ற வகை வேதிப்பொருள்கள் அதே காகிதத்தில் வருகின்றன. அவற்றால் வலிப்பு வந்து இறந்தவர்கள் உண்டு.

மகன் மாத்திரை ஊசியை விட்டு ஆறு மாதம் வெளியூரில் நன்றாக இருந்தான். ஊருக்கு வந்த மறுநாளே பழைய இடத்துக்குப் போய்விட்டான். மன உறுதி இல்லையா?
– வாசகர், மதுரை

அமெரிக்காவில் வியட்நாம் போரிலிருந்து 1971-இல் திரும்பிய படைவீரர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்தார். அங்கே ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாக இருந்திருக்கிறார். ஊர் திரும்பிய முதல் ஆண்டில் அவர்களில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்குச் சுமார் 5 பேர்தான். போதையோடு பிணைந்த முகாம், நண்பர்கள், வாடை எதுவும் சொந்த ஊரில் இல்லை. உங்கள் மகனுக்கு நேர்மாறாக, பிணைந்த இடமே சொந்த ஊர். அந்தச் சந்து முனையைப் பார்த்ததும், போதை வரப்போகிறது என்று டோபமைன் குறி போட்டுவிடுகிறது. அவன் தீர்மானிக்கும் முன்பே உடம்பு தயாராகிவிடும்.

இப்போது அதைவிட அவசரமான விஷயம் ஒன்று. ஆறு மாதம் விலகியிருந்ததில் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிட்டது. நினைவில் இருப்பதோ பழைய அளவு. சிறையிலிருந்தும் மீட்பு மையத்திலிருந்தும் வெளியே வந்த முதல் சில வாரங்களில்தான் அதிகம் பேர் இறக்கிறார்கள். இடமும் இதில் சேரும். 1982-இல் ஷெப்பர்ட் சீகல் குழுவினர் ஹெராயின் பழகிய எலிகளுக்கு ஒரே பெரிய அளவைக் கொடுத்தார்கள். பழகிய அறையில் கொடுத்தபோது மூன்றில் ஒரு பங்கு இறந்தன. புதிய அறையில் மூன்றில் இரண்டு பங்கு. பழகிய அறையைப் பார்த்ததும் உடம்பு முன்கூட்டியே எதிர்ப்பக்கம் சாய்ந்துகொள்கிறது. புதிய இடத்தில் அந்தத் தயாரிப்பு இல்லை. மகனிடம் இதைச் சொல்லுங்கள். கோபமாக இருந்தாலும் சொல்லுங்கள்.

மீண்டும் தொடங்கியிருந்தால் புப்ரினார்ஃபின் சிகிச்சை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். நாக்கடியில் வைக்கும் மாத்திரை. அதே பூட்டில் பாதியளவே வேலை செய்து, ஏக்கத்தை அடக்கி, மூச்சைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். ‘விலகல்’ குறிகள் தொடங்கிய பிறகே முதல் மாத்திரை தருவார்கள்: கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிதல், வயிற்றுப்போக்கு. அதற்கு முன்னால் போட்டால் அந்தக் குறிகள் எல்லாம் ஒரேயடியாகத் தாக்கும். “ஒரு போதைக்கு இன்னொரு போதை” என்று பாதியில் நிறுத்திவிடுவது நாங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் போலீஸ் கேஸ் ஆகுமா? தனியார் மையத்தில் கட்டிவைத்துத் திருத்துவார்களாமே?
– பல வாசகர்கள்

சிகிச்சைக்கு வந்தவரைப் பிடித்துக் கொடுப்பது மருத்துவரின் வேலை இல்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. உபயோகித்ததற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு வந்தாலும், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்து முடிப்பவருக்கு அது பாதுகாப்புத் தருகிறது. பாதியில் ஓடினால் பாதுகாப்பும் போகும். விற்றவருக்கு இது பொருந்தாது.

கட்டிவைப்பது சட்டவிரோதம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. மது, போதைப் பழக்கத்தால் வரும் பாதிப்புகளும் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. ஒரு மையத்தில் சேர்க்கும் முன் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார், இரவில் வலிப்பு வந்தால் எங்கே கொண்டுபோவார்கள், வாரம் ஒருமுறை நேரில் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். “மூணு மாசம் பார்க்கவே கூடாது” என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14446 போதை மீட்பு உதவி எண், 14416 மனநல உதவி எண், இரண்டும் கட்டணமில்லாதவை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு ஓ.பி. காலையில் நடக்கும். போகும்போது வீட்டில் கிடைத்த காலி மாத்திரை அட்டைகள், பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். கடைசியாக எதை, எத்தனை மணிக்கு எடுத்தார் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அந்த மணி நேரத்தைத்தான்.